கிளை வாரியான விவரம்

ஜூன் 25, புதன்

காவேரிக்கரை மக்கள் கூட்டுறவு வங்கியை நேற்று மாலை முடக்கிவிட்டார்கள். காலைப் பூசை முடிந்து திரும்பும்போது பாலக்கரைக் கிளை வாசலில் இருநூறு பேர் நின்றார்கள். ஷட்டரில் ஒட்டியிருந்த அறிவிப்பில் மூன்று எழுத்துப் பிழைகள். ஆறு மாதத்துக்கு ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய்தான் எடுக்கலாமாம். தலைவரும் இயக்குநர்களும் சொந்தக்காரர்களுக்கே கடன் கொடுத்து வங்கியைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு. அதற்கு மேல் இருப்பவர்கள் ஆண்டவரைக் கேட்க வேண்டியதுதான்.

அடுத்த வீட்டு மார்சலினுக்கு அங்கே பத்தொன்பது லட்சம். பெரியாஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருடம் நர்ஸாக நின்ற கால்களுக்கு அரசாங்கம் கொடுத்த பணம். கல்யாணம் செய்துகொள்ளாதவள். குடியிருக்கும் வீட்டையே வாங்குவதற்கு முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டிருக்கிறாள். ஆகஸ்ட் பதினெட்டுக்குள் மீதியைக் கட்டிப் பத்திரம் முடிக்க வேண்டும். தவறினால் முன்பணமும் போகும், வீடும் போகும். பிறகு ஓசூரில் தம்பி வீடுதான். தம்பி பெண்டாட்டி இப்போதே வேலைக்காரியை நிறுத்திவிட்டாள் என்று கேள்வி.

"அக்கா, ஒங்களோடதும் அங்கதான கெடக்கு?" என்று கேட்டாள்.

"பணத்த விடு மார்சலின். மனுசங்கள நம்புனோம் பாரு, அதச் சொல்லு" என்றேன்.

அதை அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்வது?

ஜூன் 26, வியாழன்

குறிப்புக்காக: என் வைப்புத்தொகை இருபத்திரண்டு லட்சத்தை இந்த மாதம் ஒன்பதாம் தேதி முதிர்வுக்கு முன்பே முடித்து எடுத்துக்கொண்டேன். மாடி ஒழுகுகிறது. தளம் போட வேண்டும். அதற்காக எடுத்தேன்.

ஜூன் 30, திங்கள்

சென்னையிலிருந்து பெனிட்டோ பேசினான். என் அண்ணன் மகன். அந்த வங்கியின் கணக்குகளைப் பார்க்கும் தணிக்கை நிறுவனத்தில் இருக்கிறான்.

"அத்தை, நான் சொன்னத யார்கிட்டயும் சொல்லலயே? வெளிய தெரிஞ்சா என் வேலை போயிரும் அத்தை. ஜெயிலுக்குக்கூட..."

"என்ன சொன்ன நீ? ஒண்ணும் சொல்லல. எனக்கு மாடி ஒழுகுது, எடுத்தேன்" என்றேன்.

"அப்படியே சொல்லுங்க அத்தை."

அப்படியே என்றால் என்ன? உண்மையைத்தானே சொன்னேன்.

ஜூலை 2, புதன்

மேஸ்திரி வந்து பார்த்தான். தளம் போட ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கேட்கிறான். பகல் கொள்ளை. பக்கெட் வைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 4, வெள்ளி

வைப்பாளர் சங்கக் கூட்டம், பங்கு மண்டபத்தில். நூற்று நாற்பது பேர். மார்சலின் கையைப் பிடித்து இழுத்ததால் போனேன். செயலாளர் கோதண்டபாணி, பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எம்.பி.க்கு ஒரு மனு எழுதி வைத்திருந்தார். "ஏழை எளிய மக்களின் கண்ணீரைத் துடைத்திட" என்று தொடங்கியது. ஐந்து பக்கம்.

எழுந்து நின்று சொன்னேன்: "கண்ணீரத் துடைக்கச் சொல்லிக் கேட்டா, துடைக்கறோம்னு பதில் வரும். பாராளுமன்றத்துல நிதியமைச்சர் பதில் சொல்ற மாதிரி கேள்வியாக் கேக்கணும்."

"மேடத்துக்கு இதெல்லாம் தெரியுமா?" என்றார் கோதண்டபாணி.

மார்சலின் எனக்கு முந்திக்கொண்டாள். "அக்கா வீட்டுக்காரர் டெல்லில நிதி அமைச்சகத்துலதான் இருந்தாரு சார். அமைச்சருக்குப் பதில் எழுதிக் குடுத்ததே அவருதான். திருத்திக் குடுத்தது அக்கா."

அது உண்மை. டெல்லி ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸில் இருபத்தாறு வருடம் அவர் பதில் எழுதினார், நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஆங்கிலத்தைச் சீர்படுத்தினேன். கான்வென்டில் மதர் பெர்னதெத் பிரம்பால் கற்றுக் கொடுத்த ஆங்கிலம். கேட்டதற்கு மட்டும் பதில், கேட்காததற்கு மௌனம். "தகவல் திரட்டப்பட்டு வருகிறது" என்றால் திரட்டவில்லை. "அரசு கவனத்தில் கொண்டுள்ளது" என்றால் மறந்துவிட்டது. மொத்தத் தொகையைக் கேட்டால் அமைச்சகம் சந்தோஷமாகக் கொடுக்கும், ஏனென்றால் மொத்தத்தில் யாரும் தெரியமாட்டார்கள். கிளை வாரியாகக் கேட்டால்தான் அவர்களுக்கு வியர்க்கும்.

இவற்றை மண்டபத்தில் சொன்னேன். பல வருடங்களுக்குப் பிறகு ஒரு கூட்டம் நான் சொல்வதைக் குறித்துக்கொண்டது.

ஜூலை 6, ஞாயிறு

பாவசங்கீர்த்தனத்துக்கு, சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல, வரிசை நீளமாக இருந்தது. முழங்கால் வலி. திரும்பிவிட்டேன். பூசையில் நன்மை அப்பமும் வாங்கவில்லை, வெறும் வயிற்றோடு வாங்க வேண்டியது, காலையில் காபி குடித்துவிட்டிருந்தேன்.

ஜூலை 9, புதன்

கோதண்டபாணியும் மார்சலினும் வந்தார்கள். கேள்வியை எழுதி முடித்தோம். நூற்றைம்பது சொல்லுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. நான் நூற்றுப் பதினெட்டில் முடித்தேன்.

(அ) வங்கி முடக்கப்பட்டது அரசுக்குத் தெரியுமா? (ஆ) ஐந்து லட்சத்துக்கு மேல் வைப்பு உள்ளவர்கள் எத்தனை பேர், தொகை எவ்வளவு? (இ) இயக்குநர்களின் உறவினருக்குக் கொடுத்த கடன் எவ்வளவு? (ஈ) மேற்கண்ட ஒவ்வொன்றுக்கும் கிளை வாரியான விவரம் என்ன?

ஒரு ஊசி நுழைய இடமில்லை. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்திருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மூன்று நாள் வீட்டுக்கு வந்திருக்க மாட்டார்.

கோதண்டபாணிக்குத் திருப்தியில்லை. "இன்னொண்ணு சேக்கணும் மேடம். முடக்கறதுக்கு முந்தின மூணு வாரத்துல பெரிய பெரிய தொகையா கொஞ்சப் பேரு எடுத்துட்டாங்களாம். அவனுங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? அதக் கேக்கணும்."

"அது வதந்தி. வதந்தியக் கேள்வியில நுழைச்சா முழுக் கேள்வியையும் தள்ளிருவாங்க" என்றேன்.

"வதந்தியா இருந்தா இல்லனு பதில் வரட்டுமே."

"கேள்வியோட கட்டுக்கோப்பு போயிரும், மிஸ்டர் கோதண்டபாணி."

"அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்" என்றாள் மார்சலின். அவர் பேனாவை மூடிவிட்டார்.

அவர்கள் போன பிறகு தேநீர்க் கோப்பைகளைக் கழுவினேன். ஒன்று கைதவறி உடைந்தது.

ஜூலை 12, சனி

வீட்டு உரிமையாளரின் மருமகன் டேப்போடு வந்து மார்சலின் வீட்டை அளந்தான். அவள் வாசலில் நின்று அளக்க விட்டாள்.

கொடுக்கலாம். யோசிக்காமல் இல்லை. என் பணம் இப்போது வேறு வங்கியில் சும்மாதான் இருக்கிறது. கொடுத்தால், இது எங்கிருந்து வந்தது அக்கா என்பாள். பெனிட்டோவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஒரு இளைஞனின் வாழ்க்கையை என்னால் கெடுக்க முடியாது.

தவிர, இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த வங்கியில் போடு என்று நான் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அரை சதவீதம் அதிகம் என்று சொன்னேன். ஆட்டோ பிடித்தேன். படிவத்தை நிரப்பினேன், அவள் கையெழுத்து மருந்துச்சீட்டு மாதிரி இருக்கும் என்பதால். அவ்வளவுதான்.

ஜூலை 21, திங்கள்

பாராளுமன்றம் கூடியது. மார்சலின் வீட்டில்தான் தொலைக்காட்சி நன்றாகத் தெரிகிறது. கேள்வி நேரம் முழுவதும் உட்கார்ந்திருந்தோம். நிதியமைச்சர் பருமனான மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி. ஒரு உறுப்பினர் வருமான வரி வரம்பைப் பற்றிக் கேட்டார். பொருளாதாரம் வலுவான அடித்தளத்தில் இருக்கிறது என்றார். சிறு தொழில்களுக்கு வங்கிக் கடன் கிடைக்கவில்லை என்றார் இன்னொருவர். அதற்கும் அடித்தளம்தான்.

"நல்லாப் பேசுறாருல்ல அக்கா?"

"பேசறது அவரு இல்ல. கீழ எவனோ பொண்டாட்டிய உக்கார வச்சு எழுதியிருக்கான்" என்றேன். மார்சலின் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்துப் பல நாளாகிறது.

ஜூலை 31, வியாழன்

பாராளுமன்றக் குலுக்கலில் எம்.பி. அனுப்பிய நம் கேள்வி விழுந்துவிட்டது. எழுத்துப் பதிலோடு போகிற கேள்வி அல்ல, அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. திங்கட்கிழமைப் பட்டியலில் மூன்றாவது. கோதண்டபாணி அச்சான தாளை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

வாசித்தேன். (அ), (ஆ), (இ) என்னுடையவை. (ஈ) என்னுடையது அல்ல. "வங்கி முடக்கப்படுவதற்கு முந்தைய மூன்று வாரங்களில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட வைப்புகளை முதிர்வுக்கு முன்பே எடுத்தவர்கள் எத்தனை பேர்?" என் (ஈ) கீழே இறங்கி (உ) ஆகியிருந்தது. மேற்கண்ட ஒவ்வொன்றுக்கும் கிளை வாரியான விவரம் என்ன?

"எம்.பி.யோட பி.ஏ.கிட்ட நான்தான் சேக்கச் சொன்னேன் மேடம். கோவிச்சுக்காதீங்க. நூத்தம்பதுக்குள்ளதான் இருக்கு, எண்ணிட்டேன்."

"'மேற்கண்ட ஒவ்வொன்றுக்கும்'னு இருக்கே" என்றேன்.

"அதான் மேடம் அழகு! நீங்க எழுதுனது அதையும் சேத்துப் புடிச்சுக்கிச்சு."

ஆகஸ்ட் 4, திங்கள்

பதினொன்றரை மணிக்கு நம் கேள்வி வந்தது. மார்சலின் செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

அமைச்சர் எழுந்தார். "அறிக்கை அவையின் மேசைமீது வைக்கப்படுகிறது" என்று சொல்லி உட்கார்ந்தார். அவ்வளவுதான் பதில். எம்.பி. துணைக் கேள்வி கேட்டார்: உழைத்துச் சேர்த்தவர்கள் தெருவில் நிற்கிறார்கள், அவர்களுக்கு எப்போது பணம் வரும்? சட்டப்படி உரிய நேரத்தில் என்றார் அமைச்சர். இந்தச் சொற்றொடரை எழுபத்தொன்பதில் நான்தான் "கூடிய விரைவில்" என்பதை அடித்துவிட்டு எழுதிக் கொடுத்தேன். கூடிய விரைவில் என்றால் யாராவது நாளைக் கணக்கிடுவார்கள் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னது நினைவிருக்கிறது. மார்சலினிடம் இதைச் சொல்லவில்லை.

இரண்டாவது துணைக் கேள்வி: முன்கூட்டியே எடுத்தவர்கள் யார்?

அமைச்சர் தாளைப் புரட்டினார். "அறுபத்து மூன்று பேர். கிளை வாரியான விவரம் இணைப்பில் இருக்கிறது." பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நம் ஆய்வாளர்களைவிடக் கெட்டிக்காரர்கள் நாட்டில் அறுபத்து மூன்று பேர் இருக்கிறார்கள் என்பது பொருளாதாரத்துக்கு நல்ல செய்திதான்" என்றார். அவை சிரித்தது. இரண்டு பக்கமும் சிரித்தது.

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"எதுக்கு அக்கா சிரிக்கிறாங்க?" என்று கேட்டாள் மார்சலின்.

ஆறு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அடுத்த கேள்வி தேங்காய் எண்ணெய் மீதான வரி.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நாலு மணிக்கு மண்டபத்தில் கூட்டம். கோதண்டபாணி இணைப்பை அச்செடுத்து வந்து ஒலிபெருக்கியில் வாசித்தார். பதினொரு கிளைகள். தலைமைக் கிளை முப்பத்தெட்டு பேர். தில்லைநகர் பதினான்கு. உறையூர் ஏழு. ஒவ்வொன்றாக வந்தார். பாலக்கரைக் கிளை, ஒன்று.

முப்பது பேர் என்றால் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். ஒன்று என்றால் அது ஒரு ஆள். அந்த ஆளுக்கு முகம் உண்டு, வீடு உண்டு, ஒருவேளை இதே மண்டபத்தில் ஒரு நாற்காலியும் உண்டு. எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாவுக்கடை செவந்தி ஜூன் மாசம் புது வேன் எறக்குனாளே" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

செவந்தி எழுந்துவிட்டாள். "ஐயோ, அது லோன்ல வாங்குனதுய்யா! மாசம் பதினோராயிரம் கட்டுறேன். எம் பணமும் ஆறு லட்சம் உள்ளதான் கெடக்கு. எந்த வாய்யா அது?"

"அப்ப பாஸ்புக்கக் காட்டு!"

"வீட்ல இருக்குய்யா. இப்பக் கேட்டா?"

"வீட்லதான் இருக்கும், வீட்லதான் இருக்கும்" என்று யாரோ பழித்தார்கள். ஒருவன் விசிலடித்தான். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். கோதண்டபாணி மேசையைத் தட்டினார். "சத்தம் வேணாம். நாளைக்கு சாயங்காலம் எல்லாரும் பாஸ்புக்கோட வாங்க. செவந்தி மட்டும் இல்ல, எல்லாரும். நானும்தான். ஒவ்வொண்ணாப் பாத்துருவோம்."

மார்சலின் என் பக்கத்தில் இருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்காத ஒரே ஆள் அவள்தான். வீடு வரை நடந்தோம். மழை வரும் போலிருக்கிறது என்று நான் சொன்னேன். ம் என்றாள்.

ஆறு மணிக்குக் காசோலை எழுதி எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். காசோலையை மேசையில் வைத்தேன். பத்திரத்துக்கு வேண்டிய முழுத் தொகை. எடுத்துப் படித்தாள். எண்ணால் எழுதியதையும் எழுத்தால் எழுதியதையும் ஒப்பிட்டுப் பார்த்தாள், மருந்துப் புட்டியைப் பார்ப்பது போல.

"எப்ப எடுத்தீங்க?"

"ஒம்பதாந் தேதி."

"ஜூன் ஒம்பதா? அது ஒங்க வீட்டுக்காரரு நினைவு நாளாச்சே."

"காலைல பேங்க். சாயங்காலம்தான் கல்லறை."

"கல்லறைக்கு நானும் வந்தேன்."

"வந்த."

"ஆட்டோல என்ன பேசுனோம்னு ஞாபகம் இருக்கா?"

மேசையில் சிதறியிருந்த கீரைக் காம்புகளை ஒன்றுசேர்த்தேன்.

"வீடு முடிஞ்சதும் என்ன கலர் அடிக்கலாம்னு ஒங்ககிட்டக் கேட்டேன். நீங்க க்ரீம்னு சொன்னீங்க. பச்சை வேண்டாம், ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்னீங்க."

கீரையை உருவிக்கொண்டே இதைச் சொன்னாள். நான் மாடி ஒழுகுவதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். கையை உயர்த்தி நிறுத்தினாள். முப்பத்திரண்டு வருடம் வார்டில் நோயாளிகளின் சொந்தக்காரர்களை நிறுத்திய கை.

"இத வாங்கிக்கிறேன். எனக்கு ஓசூர் போக இஷ்டமில்ல. வட்டி எவ்வளவு?"

"வட்டியா? ஒனக்கென்ன பைத்தியமா?"

"பேங்க் குடுத்ததே குடுக்கறேன். எட்டரை. காப்பீட்டுப் பணம் வந்ததும் அஞ்சு லட்சம் மொத்தமா. மீதி மாசாமாசம் பென்ஷன்ல. பத்திரத்தாள்ல எழுதிருவோம். கோதண்டபாணி சார் சாட்சி போடட்டும்."

"அவருக்கு எதுக்குத் தெரியணும்? நமக்குள்ள இருக்கட்டும் மார்சலின்."

"நமக்குள்ள வச்சுக்கிட்டா, நாளைக்கு நாலு மணி வரைக்கும் செவந்தி திருடியா இருப்பா. அதுக்கப்புறமும் பாதிப் பேரு நம்ப மாட்டாங்க" என்றாள். "காலைல பத்து மணிக்கு அவர வரச் சொல்றேன். நீங்களே சொல்லிருங்க."

எழுந்து வரும்போது, கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னாள்.

ஆகஸ்ட் 6, புதன்

கையெழுத்துப் போட்டேன். சொன்னேன். கோதண்டபாணி தன் கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார். பெனிட்டோவின் பெயரை நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. சாயங்காலம் மண்டபத்தில் அவரே எல்லாருக்கும் சொன்னாராம், நான் போகவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

மாவுக்கடை வழியாகப் போகாமல் சுற்றி வந்தேன். மாவு தீர்ந்துவிட்டது. வீட்டிலேயே ஊறப்போட்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மார்சலின் பத்திரம் முடித்தாள். சாட்சிக் கையெழுத்துப் போட்டது கோதண்டபாணியும் செவந்தியும்.

பாராளுமன்றம் இன்னும் நடக்கிறதாம். நான் பார்ப்பதில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் சின்னப் பையன். என் பாவத்தின் பெயரை நான் சரியாகச் சொன்னேனா என்று எனக்கே சந்தேகம். பேராசை என்று சொன்னேன். அது பேராசை அல்ல. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். மூன்றுதானா என்று கேட்கலாமா என்றிருந்தது. தெற்கு வாசல் வழியாக வெளியே வந்தேன், வடக்கு வாசலில் தெரிந்தவர்கள் நின்றார்கள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மார்சலின் வீட்டு மந்திரிப்பு, சாமியார் வந்து வீட்டை ஆசீர்வதித்தார். என்னையும் அழைத்திருந்தாள். ஆள் மூலமாக அச்சிட்ட அட்டை அனுப்பினாள். உறையில் "திருமதி எமரன்சியா ஞானாதிக்கம்" என்று பிழையில்லாமல் எழுதியிருந்தது. பதினான்கு வருடத்தில் அவள் என் வீட்டுக்கு அட்டை அனுப்பியதில்லை, சுவருக்கு மேல் எட்டிக் கூப்பிடுவாள்.

வீட்டுக்கு வெளிர்நீலம் அடித்திருக்கிறாள்.

போகாமல் இருப்பது கோழைத்தனம். நேற்று முழுவதும் உட்கார்ந்து ஒரு பதில் தயாரித்தேன். யாராவது கேட்பார்கள். செவந்தி கேட்பாள், சங்கத்துக்காரர்கள் கேட்பார்கள், மார்சலினே எல்லார் முன்னாலும் கேட்கலாம். ஏன் எடுத்தீர்கள், ஏன் சொல்லவில்லை, எங்களோடு உட்கார்ந்து கேள்வி எழுதிக் கொடுத்தீர்களே, எப்படி முடிந்தது? நான்கு முறை எழுதி நான்கு முறை திருத்தினேன். மாடியை எடுத்துவிட்டேன். பெனிட்டோவுக்குக் கொடுத்த வாக்கை எடுத்துவிட்டேன். கடைசியில் இரண்டே வாக்கியம் மிஞ்சியது. பொய் ஒன்றும் இல்லை. மனப்பாடம் செய்துகொண்டு, சாம்பல் நிறப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன்.

முன் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். செவந்தி முதலில் எனக்குத்தான் பால் கொண்டுவந்து கொடுத்தாள், தட்டில் வைத்து, இரண்டு கையாலும். சங்கத்துக்காரர்கள் எழுந்து வணங்கினார்கள். கோதண்டபாணி மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். மார்சலின் வந்து, "சாப்ட்டுத்தான் போகணும் மேடம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.